விகடகவியைக் கணினி ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? மாலைமாற்றுச் சொல் கண்டுபிடிக்கும் நிரல், முதல் படியிலிருந்து

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகள் எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல்மொழி வரும் என்பதால் விடுமுறையிலேயே படிக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு மத்தியானம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள்.

“ஏனுங் மாமா, பாலிண்ட்ரோம் கண்டுபிடிக்கற புரோகிராம் எழுதினேனுங்க. இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் சரியாச் சொல்லுது. விகடகவின்னு அடிச்சா மட்டும் இல்லைங்குது. எங்க தப்புங்க?”

அவள் நிரலில் தப்பே இல்லை. நான் கல்லூரியில் படித்தபோது இதே நிரலை எழுதி இதே இடத்தில் நின்றிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் “தமிழுக்கெல்லாம் இது சரிப்படாது, விட்டுவிடு” என்று முடித்துவிட்டார். அந்த வார்த்தை எனக்குப் பல வருடம் உறுத்தியது. தமிழுக்கு இது நன்றாகவே சரிப்படும். எழுத்து என்றால் என்ன என்பதைக் கணினிக்கு முதலில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அன்று திண்ணையில் அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இதுவரை ஒரு வரிகூட நிரல் எழுதாதவர்களும் கூடவே வரலாம்.

கணினியைத் தொடுவதற்கு முன்

ஒரு சொல்லையோ வரியையோ முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வந்தால் அது மாலைமாற்று. பாடப்புத்தகம் பாலிண்ட்ரோம் என்று சொல்வது இதைத்தான். தமிழுக்கு இது நேற்று வந்த விளையாட்டு இல்லை. தண்டியலங்காரம் இதைச் சித்திரகவிகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீர்காழிமேல் ஒரு பதிகம் முழுவதையும், 11 பாட்டையும், மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். அதில் முதல் பாட்டு நமக்குப் பிறகு உதவப்போகிறது.

ஒரு நோட்டை எடுத்து விகடகவியைக் கட்டம் போட்டு எழுதுங்கள். வி, க, ட, க, வி. ஐந்து கட்டம். கடைசியிலிருந்து படித்தாலும் அதே ஐந்து. அடுத்து காவிரி பிறக்கும் குடகு: கு, ட, கு. அடுத்து தாத்தா: தா, த், தா. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, மறந்துவிடாதீர்கள். கற்க என்பதும் அப்படித்தான்: க, ற், க. மாமா என்றால் இரண்டு கட்டம், இரண்டும் ஒன்று.

“அப்போ நான் உங்களைக் கூப்பிடறதே மாலைமாற்றுங்களா மாமா?” என்றாள். ஆமாம் கண்ணு, என்றேன். அப்புச்சி (அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) என்று எழுதிப் பார்த்தாள்: அ, ப், பு, ச், சி. தேறவில்லை. கொங்கு: கொ, ங், கு. அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் இருபுறமும் ஒன்றாக வரும் மலையாளம், தமிழில் எழுதினால் ம, லை, யா, ள, ம் என்று ஆகிவிடுகிறது. முதலில் ம, கடைசியில் ம். தேறாது.

இப்படி ஒரு பத்துச் சொல்லையாவது கையால் எழுதிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நாம் எதைத் திருப்புகிறோம் என்பது இங்கேதான் தெளிவாகிறது. ஒலி ஒலியாகப் பிரித்தால் விகடகவி வ், இ, க், அ என்று போகும். பின்னிருந்து படித்தால் இ என்று தொடங்கும், ஒத்துவராது. மாலைமாற்றுக்குக் கணக்கு எழுத்துதான். உயிர்மெய் முழுசாக ஒன்று, மெய் ஒன்று, உயிர் ஒன்று.

சரி, ஒப்பிடுவது எப்படி? திண்ணையில் பவானி ஜமுக்காளம் விரித்திருந்தது. அதன் ஓரத்தில் கோடுகள்: சிவப்பு, கறுப்பு, பச்சை, கறுப்பு, சிவப்பு. அவளுடைய ஒரு கை விரலை இந்த ஓரத்துச் சிவப்பிலும் இன்னொரு கை விரலை அந்த ஓரத்துச் சிவப்பிலும் வைக்கச் சொன்னேன். இரண்டும் ஒரே நிறமா? ஆமாம். இரண்டு விரலையும் ஒரு கோடு உள்ளே தள்ளு. கறுப்பு, கறுப்பு. இன்னும் உள்ளே. இரண்டு விரலும் பச்சையில் முட்டிக்கொண்டன. நடுக்கோட்டை எதனோடும் ஒப்பிட வேண்டியதில்லை, அதோடு முடிந்தது. வழியில் எங்காவது நிறம் மாறியிருந்தால் அந்த இடத்திலேயே “இல்லை” என்று சொல்லி எழுந்துவிடலாம், மிச்சத்தைப் பார்க்கத் தேவையில்லை. நாம் எழுதப்போகும் நிரலின் உயிர் இந்த இரண்டு விரல்தான்.

முதல் நிரல், அது எங்கே விழுகிறது

அவள் எழுதி வைத்திருந்த நிரலின் நெஞ்சு ஒரே வரி. பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அதை அப்படியே காட்டுகிறேன்:

சொல் == சொல்[::-1]

சதுர அடைப்புக்குள் இருக்கும் அந்த இரண்டு முக்காற்புள்ளியும் கழித்தல் ஒன்றும் “கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடு” என்று பொருள்படும். இரண்டு சமக்குறி, “இரண்டும் ஒன்றா?” என்று கேட்கிறது. விடை உண்மை அல்லது பொய்.

விகடகவிக்கு இது பொய் என்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள, கணினி அந்தச் சொல்லை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. பைத்தானில் ‘ஆர்ட்’ என்ற கட்டளையிடம் ஒரு குறியைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்லும். விகடகவியின் எண்களை அச்சிட்டுப் பாருங்கள்:

2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007

ஐந்து எழுத்துக்கு ஏழு எண். 2997 என்பது வ. 3007 என்பது தனியாக நிற்கும் இகரக் கொக்கி. 2965 க, 2975 ட. அதாவது வி என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு வ ஒன்று, கொக்கி ஒன்று. இப்போது இந்த ஏழையும் திருப்புங்கள். முதலில் 3007 வந்து நிற்கும். பிடித்துக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு கொக்கி, அதற்கப்புறம் வ. கடைசியில் இருந்த க, அடுத்து வரும் கொக்கியோடு சேர்ந்து கி ஆகிவிடும். முன்னும் பின்னும் ஒத்துப்போக வழியே இல்லை.

இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளியில் க் என்ற மெய்யோடு இ சேர்ந்தால் கி என்று படிக்கிறோம். மெய்தான் அடிப்படை, க என்பதே க், அ இரண்டும் சேர்ந்ததுதான். யூனிகோட்டில் இது தலைகீழ். அங்கே க முதலில் இருக்கிறது. க் வேண்டுமானால் அதன்மேல் புள்ளி என்ற இன்னொரு குறியை வைக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு எண் 3021. 1991-இல் யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது; இந்திய மொழிகளுக்கு அதற்கு முன்பே இருந்த இஸ்கி என்ற ஏற்பாட்டின் அடிப்படையில் இப்படி அமைந்தது. நம்முடைய 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையும் உண்டு. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோட்டோடு சேர்த்து அதையும் தரமாக ஏற்றது. அந்த முறையில் எழுதியிருந்தால் அவளுடைய ஒற்றை வரி நிரலே விகடகவியைச் சரியாகச் சொல்லியிருக்கும். ஆனால் நம் கைப்பேசியும் இணையமும் பேசுவது யூனிகோடு. அதனால் எழுத்தைக் கூட்டிச் சேர்க்கும் வேலை நம் தலையில்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அந்த ஒற்றை வரி நிரல் “இல்லை” என்று மட்டும் தப்பாகச் சொல்வதில்லை, “ஆமாம்” என்றும் தப்பாகச் சொல்லும். பாப விமோசனம் என்பதில் வரும் பாப என்ற சொல்லைக் கொடுங்கள். எழுத்து பா, ப. மாலைமாற்று இல்லை. ஆனால் எண்கள் 2986, 3006, 2986. திருப்பினாலும் அதேதான். நிரல் உண்மை என்கிறது. கனக என்ற சொல்லுக்கு மட்டும் சரியாகச் சொல்லும், அதில் கொக்கியும் காலும் இல்லாததால். சில சொல்லுக்குச் சரியாக வந்துவிட்டதே என்று நிரலை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எழுத்தாகப் பிரிப்பது

இனி வேலை எளிது. துணை நிற்கும் குறிகளை அடையாளம் கண்டு முன்னால் இருப்பதோடு ஒட்டிவிட வேண்டும். கால், கொக்கி, சுழி, கொம்பு, புள்ளி எல்லாம் 3006 முதல் 3021 வரையிலான எண்களுக்குள் அடக்கம். ஔகாரத்துக்குப் பின்னால் வரும் குறிக்கு மட்டும் 3031 என்று தனியாக ஓர் எண் உண்டு. இவ்வளவுதான் விதி. ஒரு குறியின் எண் இந்த வரம்புக்குள் இருந்தால் அது தனி எழுத்து இல்லை, முந்தைய கட்டத்தில் போடு. இல்லையென்றால் புதுக் கட்டம் திற.

நிரலை எழுதிக் காட்டுகிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற நிரல்மொழி இருக்கிறது. பைத்தானின் மேல் கட்டியது, கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். நிரல்பாகம், ஆனால், இல்லை, வரை, பின்கொடு, பதிப்பி, முடி என்ற அந்தச் சொற்களையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். பட்டியலைக் கையாளும் வரிகளை மட்டும் சாதாரணத் தமிழில் எழுதியிருக்கிறேன், அதனால் இதை அப்படியே ஒட்டினால் ஓடாது. இதைப் பார்த்து உங்கள் மொழியில் நீங்களே எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் கையில் நிற்கும்.

நிரல்பாகம் எழுத்தாகப்_பிரி(சொல்)
    பட்டி = []
    சொல்லில் உள்ள ஒவ்வொரு குறிக்கும்:
        எண் = குறியின் எண்
        @( எண் 3006 முதல் 3021 வரை, அல்லது எண் == 3031 ) ஆனால்
            பட்டி[-1] = பட்டி[-1] + குறி
        இல்லை
            பட்டியின் கடைசியில் குறியைச் சேர்
        முடி
    முடி
    பின்கொடு பட்டி
முடி

நிரல்பாகம் என்றால் ஒரு வேலைக்குப் பெயர் வைத்து எழுதிய துண்டு, பின்கொடு என்றால் அதன் விடையைத் திருப்பிக் கொடு. பட்டி = [] என்றால் காலிப் பட்டியல். பட்டி[-1] என்றால் பட்டியலில் கடைசியாக இருப்பது. பைத்தானிலும் அப்படியே எழுதலாம்.

விகடகவியைக் கையில் வைத்துக்கொண்டு இதை நடந்து பாருங்கள். வ வருகிறது, 2997, வரம்புக்கு வெளியே, புதுக் கட்டம். கொக்கி வருகிறது, 3007, வரம்புக்குள். வ இருக்கும் கட்டத்தில் ஒட்டு, அது வி ஆகிறது. க, புதுக் கட்டம். ட, புதுக் கட்டம். க. வ. கொக்கி வந்து கடைசிக் கட்டத்தை வி ஆக்குகிறது. நோட்டில் போட்ட அதே ஐந்து கட்டம்.

ஒரு சிக்கல் உண்டு. சொல்லே கொக்கியில் தொடங்கினால்? தட்டச்சில் கை தவறினால் அப்படி வரும். அப்போது பட்டி காலியாக இருக்கும், கடைசிக் கட்டம் என்று ஒன்று இருக்காது, நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அதனால் “பட்டி காலியாக இல்லை” என்ற நிபந்தனையையும் மேலே உள்ள கேள்வியோடு சேர்த்துவிடுங்கள்.

இரண்டு விரல்

நிரல்பாகம் மாலைமாற்றா(பட்டி)
    முதல் = 0
    கடை = நீளம்(பட்டி) - 1
    @( முதல் < கடை ) வரை
        @( பட்டி[முதல்] != பட்டி[கடை] ) ஆனால்
            பின்கொடு பொய்
        முடி
        முதல் = முதல் + 1
        கடை = கடை - 1
    முடி
    பின்கொடு உண்மை
முடி

ஜமுக்காளத்தில் செய்ததேதான். != என்ற குறி “இரண்டும் வேறா?” என்று கேட்கிறது. வரை என்பது, அந்த நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று. கணினி எண்ணுவது பூஜ்யத்திலிருந்து என்பதால் முதல் கட்டம் 0, ஐந்து கட்டமிருந்தால் கடைசிக் கட்டம் 4. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அந்த “- 1” என்ற இடத்தில்தான். அதை விட்டுவிட்டால் விரல் ஜமுக்காளத்தைத் தாண்டித் தரையைத் தொடும், நிரல் பிழை சொல்லும்.

எழுத்துப் பட்டியலையே மொத்தமாகத் திருப்பி, பட்டி == பட்டி[::-1] என்று ஒரே வரியில் கேட்டாலும் சரியான விடைதான் வரும். குட்டிச் சொற்களுக்கு அதுவே போதும். ஆனாலும் முதல் தடவை இரண்டு விரல் முறையில் எழுதுங்கள். சுற்று எங்கே நிற்கிறது, எப்போது பாதியில் வெளியேறலாம் என்பதெல்லாம் அதில்தான் பழகும்.

அவள் பைத்தானில் எழுதி ஓட்டினாள். விகடகவி, உண்மை. குடகு, உண்மை. தாத்தா, பாப்பா, காக்கா, எல்லாம் உண்மை. பாப, பொய். அப்புறம் எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களை வரிசையாக அடித்தாள்: பவானி, காங்கேயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி, அந்தியூர். எல்லாம் பொய். அதுவும் சரியான விடைதான். தேறாத சொற்களையும் நிறையக் கொடுத்துச் சோதிப்பது ரொம்ப முக்கியம். எதைக் கொடுத்தாலும் உண்மை என்று சொல்லும் நிரலும் விகடகவியில் தேறிவிடும் இல்லையா?

ஒரே மாதிரி தெரியும், ஒன்றில்லை

இரண்டாம் நாள் காலையில் மறுபடி வந்தாள். பெரியவர்கள் சொல்லும் “மோரு போருமோ” என்ற வரியை இடைவெளி இல்லாமல் கொடுத்திருக்கிறாள். மோ, ரு, போ, ரு, மோ. நோட்டில் சரியாக வருகிறது, நிரல் பொய் என்கிறது. (எங்கள் பக்கம் போதுமா என்றுதான் கேட்போம், அதைப் போட்டால் மாலைமாற்று போய்விடும்.)

இப்படி வந்தால் ஊகிக்க வேண்டாம். எண்களை அச்சிடுங்கள். திரையில் தெரியும் உருவத்தை நம்பாமல் எண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் தமிழ் நிரல் எழுதுவதில் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. அச்சிட்டதும் தெரிந்தது. கடைசி மோ 2990, 3019. முதல் மோ 2990, 3015, 3006. முதல் மோவை அவள் பழைய கோப்பு ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாள்.

நாம் ஓகாரத்தை எழுதும்போது முன்னால் கொம்பு, பின்னால் கால் போடுகிறோம். யூனிகோட்டில் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக, 3019 என்றும் வைக்கலாம். கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் மோதான். கணினிக்கு வேறு வேறு. கொங்கு என்று அடித்தாலும் இதே கதை: கொ என்பது 2965, 3018 என்று வரலாம், 2965, 3014, 3006 என்றும் வரலாம். ஔகாரத்துக்கும் இப்படி இரண்டு வழி உண்டு.

இதற்கு மருந்து, ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வழிக்குக் கொண்டுவருவது. பைத்தானோடு கூடவே வரும் ‘யூனிகோட்டேட்டா’ நூலகத்தில் ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. ‘என்எஃப்சி’ என்ற வடிவத்தைக் கேட்டுச் சொல்லைக் கொடுத்தால் இரண்டாகப் பிரிந்து கிடப்பதைச் சேர்த்து ஒன்றாக்கிக் கொடுத்துவிடும். ஒரே வரி. அதைச் சேர்த்ததும் மோரு போருமோ உண்மை என்று வந்தது.

ஆனால் எழுத்தே மாறிக் கிடந்தால் எந்த நூலகமும் காப்பாற்றாது. காலுக்குப் பதிலாக ர, ஔவின் பின்குறிக்குப் பதிலாக ள என்று பழைய கோப்புகளில் தப்பாக அடித்திருப்பார்கள். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

வரிகளுக்குப் போகும்போது

ஒற்றைச் சொல்லை விட்டு வரிக்குப் போனால் இடைவெளி, கமா, கேள்விக்குறி எல்லாம் கணக்கில் வந்துவிடும். அவற்றை முதலிலேயே கழித்துவிட வேண்டும். தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. அதற்குள் வரும் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுங்கள். இதில் இன்னொரு நன்மை: இணையப் பக்கங்களிலிருந்து வெட்டி ஒட்டும்போது 8203, 8204, 8205 என்ற எண்களில் கண்ணுக்கே தெரியாத குறிகள் கூடவே ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. சொல் சரியாகத்தான் தெரியும், நிரல் மட்டும் பொய் என்று அடம்பிடிக்கும். வரம்புக்கு வெளியே இருப்பதை எறிந்தால் அவையும் போய்விடும்.

வரிசை முக்கியம். முதலில் வேண்டாததைக் கழி. பிறகு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவா. பிறகு எழுத்தாகப் பிரி. பிறகு இரண்டு விரல். கொம்புக்கும் காலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உட்கார்ந்திருந்தால், அதைக் கழிக்காமல் இரண்டையும் சேர்க்க முடியாது. அதனால்தான் கழிப்பது முன்னால்.

எல்லாம் சேர்ந்தால் நிரலின் தலைப்பகுதி இப்படி இருக்கும்:

வரி = உள்ளே வாங்கியது
வரி = தமிழ்க்_குறி_மட்டும்(வரி)
வரி = ஒரே_வடிவம்(வரி)
பட்டி = எழுத்தாகப்_பிரி(வரி)
@( நீளம்(பட்டி) == 0 ) ஆனால்
    பதிப்பி "தமிழ் எழுத்து எதுவும் இல்லை"
இல்லை
    பதிப்பி மாலைமாற்றா(பட்டி)
முடி

நீளம் பூஜ்யமா என்று ஏன் கேட்கிறோம்? ஒன்றுமே கொடுக்காமல் என்டரைத் தட்டினால் இரண்டு விரலுக்கும் வேலையே இல்லை, சுற்றுக்குள் போகாமலே உண்மை என்று வந்துவிடும். ஒன்றுமில்லாததை மாலைமாற்று என்று சொல்லும் நிரல் எனக்குப் பிடிக்காது.

அவள் பள்ளியில் படித்த பெயர்களோடு இதைப் பொருத்திப் பார்க்க: குறிகளை ஒவ்வொன்றாக எடுக்க ‘ஃபார்’, நிபந்தனைக்கு ‘இஃப்’, ‘எல்ஸ்’, வரை என்பதற்கு ‘வைல்’, நிரல்பாகத்துக்கு ‘டெஃப்’, பின்கொடு என்பதற்கு ‘ரிட்டர்ன்’, நீளத்துக்கு ‘லென்’, பட்டியலில் சேர்க்க ‘அப்பெண்ட்’, வாங்க ‘இன்புட்’, காட்ட ‘பிரின்ட்’. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் தமிழ் உடைந்தோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால் பயப்பட வேண்டாம், நிரல் கெட்டுப்போகவில்லை. பைத்தானோடு வரும் ‘ஐடில்’ சாளரத்திலோ உலாவியில் கூகுள் கோலாபிலோ ஓட்டிப் பாருங்கள்.

எழுத்தாகப் பிரிக்கும் வேலையை ஆயத்தமாகச் செய்துதரும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற கட்டற்ற நூலகமும் இருக்கிறது. அதில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்று கேட்டால் எழுத்துப் பட்டியல் வந்துவிடும். பெரிய வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். கற்றுக்கொள்ளும்போது மட்டும் ஒரு தடவை கையால் எழுதிவிடுங்கள். க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்து வந்தால் நாம் எழுதிய நிரல் அவற்றைத் துண்டாக்கிவிடும். க்ஷ என்பது க், ஷ என்று இரண்டு கட்டமாகும். அவற்றை ஒன்றாக எண்ண வேண்டுமா என்பது நீங்கள் எடுக்கும் முடிவு. ஒன்று என்று முடிவு செய்தால் பிரித்த பிறகு பட்டியலை ஒருமுறை பார்த்து, அடுத்தடுத்து க், ஷ வருமிடத்தில் சேர்த்துவிடலாம்.

சோதனை

இந்த வரிகளைக் கொடுத்துப் பாருங்கள்.

தேரு வருதே. உண்மை என்று வர வேண்டும்: தே, ரு, வ, ரு, தே. அடுத்து, தேரு என்பதை மட்டும் புத்தகத் தமிழாக்கி, தேர் வருதே என்று கொடுங்கள். பொய் என்று வர வேண்டும், ஏனென்றால் ர் வேறு, ரு வேறு. சித்திரையில் அவிநாசித் தேர் நிலையை விட்டு நகரும்போது வடம் பிடிக்கிற கூட்டத்தில் நின்று கேளுங்கள். அங்கே யாரும் தேர் என்று சொல்ல மாட்டார்கள், தேரு என்றுதான் சொல்வார்கள். இந்த மாலைமாற்று அந்தப் பேச்சில்தான் உயிரோடு இருக்கிறது. நிரல் அதைச் சரியாகவே பிடிக்கிறது.

அப்புறம் சம்பந்தரின் முதல் பாட்டு.

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

இடைவெளியோடு அப்படியே கொடுங்கள். சொற்களை இங்கே நான்கு, மூன்று, நான்கு, மூன்று எழுத்தாகப் பிரித்திருப்பதால், இடைவெளியையும் சேர்த்துத் திருப்பினால் ஒத்துவராது. நம் நிரல் இடைவெளியையும் வரிமுறிவையும் கழித்துவிட்டு 28 எழுத்தை எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் நெடில் உயிர்மெய் என்பதால் குறிகள் 56. அந்த 28, 56 இரண்டையும் அச்சிட்டுச் சரிபாருங்கள். எண்ணிக்கை தப்பினால் இரண்டு விரலில் தேடாதீர்கள், கழிக்கும் இடத்திலோ பிரிக்கும் இடத்திலோதான் கோளாறு.

இதற்கு உண்மை என்று திரையில் வந்ததும் அவள் நோட்டை எடுத்து இருபத்தெட்டையும் மறுபடி கட்டம் போட்டு எழுதினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். பதினான்காவது கா, பதினைந்தாவது கா, இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் நோட்டை மடித்தால் யா யாவின் மேல் உட்காருகிறது. அப்புச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, “ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னால கம்ப்யூட்டர் இல்லாம எழுதினாருங்களே” என்றார்.

இதோடு நின்றுவிடாமல் ஒரு முழு உரையையே நிரலுக்குக் கொடுக்கலாம். உரையை இடைவெளியில் வெட்டிச் சொற்களாக்கி, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன நான்கு படியில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிபந்தனை மட்டும் சேருங்கள்: மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல்லை விட்டுவிட வேண்டும். நீ, வா, பூ போன்ற ஓரெழுத்துச் சொல் எல்லாம் தானாகவே மாலைமாற்று ஆகிவிடும், பட்டியல் அதிலேயே நிரம்பிவிடும். நாங்கள் அவளுடைய பாடநூல் உரை ஒன்றைக் கொடுத்தோம். தந்த என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. த, ந், த. ஒரே சொல் பல தடவை வருவதைத் தடுக்க, கண்டுபிடித்ததை ஒரு பட்டியலில் வைத்து, ஏற்கெனவே இருந்தால் சேர்க்காதே என்று ஒரு நிபந்தனை போட்டாள்.

ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் தேடிக்கொண்டிருக்கிறாள். கைரேகை, வினவி, குறுகு, மேகமே, மாறுமா, யானையா என்று ஒவ்வொன்றாக அனுப்புகிறாள். போன வாரம் அனுப்பியது திகதி. இலங்கையில் தேதியை அப்படித்தான் எழுதுவார்களாம் மாமா, என்று குறிப்போடு.